சினை ஆட்டை மறைக்கலாமா?

நாளைக் காலை ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று ஊர் ஒலிபெருக்கியில் சொன்னதும், பல வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் ஒன்றுதான். வயிறு பெருத்த ஆடுகளைப் பிரித்துக் கொல்லைப்புறத்தில் கட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பொழுது விடியுமுன்பே காட்டுப்பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். முகாமுக்குக் கிடா வருகிறது. பால் வற்றிய ஆடு வருகிறது. அடுத்த வாரம் சந்தைக்குப் போகப்போகிற குட்டிகூட வருகிறது. சினை ஆடு மட்டும் வருவதில்லை. கேட்டால், "ஊசி போட்டால் குட்டி கலைந்துவிடுமே ஐயா" என்று பதில் வரும்.

இந்தப் பயத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. நான்கு ஆடுகளை வைத்துக் காலம் தள்ளும் குடும்பத்திற்கு, ஆட்டின் வயிற்றில் இருக்கும் குட்டிதான் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, திருவிழாச் செலவு, திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட பொருளைப் பொத்திப் பாதுகாக்க நினைப்பது இயற்கை. ஆனால் பயம் இடம் மாறி விழுந்திருக்கிறது. பட்டியில் கூட்டங்கூட்டமாகக் குட்டி கலைவதற்குக் காரணம் ஊசி அல்ல. ஊசி தடுக்கின்ற வைரஸ் நோய்தான். அந்த நோய் பட்டிக்குள் புகுந்தால் இரட்டை நட்டம் சினை ஆட்டுக்குத்தான். ஆகவே முகாமுக்கு முதல் ஆளாக வர வேண்டிய ஆட்டையே முதலில் மறைக்கும் இந்த வழக்கம், ஆடு வளர்ப்போர் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் கெடுதல் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே பேசப்படுவது ஆட்டுக்கொல்லி நோய். கிராமங்களில் வெக்கை என்றும் சொல்வதுண்டு. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் நம் தமிழ்நாடுதான். 1987இல் விழுப்புரம் பக்கத்தில் உள்ள அரசூரில் செம்மறி ஆடுகளுக்கு வந்த நோயை ஆராய்ந்தபோது, இது மாட்டு வெக்கை அல்ல, அதன் பங்காளியான வேறொரு வைரஸ் என்று உறுதியாயிற்று. அதற்கு முன்பு ஆடுகள் கழிந்து மூக்கொழுகிச் செத்தபோதெல்லாம் மாட்டு வெக்கை ஆட்டுக்கும் தொற்றிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். அரசூர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த அதே வைரஸை வீரியம் குறைத்துச் சென்னை விஞ்ஞானிகள் தடுப்பூசியாக்கினார்கள். வடக்கே முக்தேசுவரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சுங்ரி என்ற தடுப்பூசி இப்போது நாடெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த இரு தடுப்பூசிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

நோயின் குணம் பெரும்பாலோர் கண்டதே. வைரஸ் உடம்பில் புகுந்து நான்கு முதல் ஆறு நாட்களில் காய்ச்சல் காண்கிறது. 104, 105 டிகிரிக்கு மேலும் போகும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் தண்ணீராகவும் பிறகு கெட்டியாகவும் ஒழுகும். வாயின் உட்புறமும் ஈறும் புண்ணாகித் தவிடு அப்பியதுபோல இருக்கும். நாற்றம் வீசும். பிறகு கழிச்சல், இருமல், மூச்சிரைப்பு. முன்பு இந்நோயைக் காணாத பட்டியாக இருந்தால் பாதிக்கு மேல் செத்துப்போவதும் உண்டு. இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற சேதம். செத்த ஆட்டை எண்ணிவிடலாம். பிழைத்த ஆடுகள் அடுத்த சில வாரங்களில் வீசிப்போடும் குட்டிகளை எண்ணுவார் யாருமில்லை.

சினை வெள்ளாடு காய்ச்சல் கண்டால் ஏன் இவ்வளவு எளிதில் குட்டியை வீசிவிடுகிறது? அதன் உடலமைப்பில் இதற்குக் காரணம் இருக்கிறது. கரு தங்கியதும் ஆட்டின் சூலகத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரட்சி உண்டாகிறது. கருவைத் தாங்கிப் பிடிக்கும் சுரப்புநீரைத் தருவது அதுதான். செம்மறி ஆட்டில் சுமார் இரண்டு மாதம் ஆனதும் நஞ்சுக்கொடியே அந்தச் சுரப்பு வேலையை ஏற்றுக்கொள்கிறது. வெள்ளாட்டில் அப்படியில்லை. ஐந்து மாதச் சினைக்காலம் முழுவதும், கடைசி நாள் வரையில், அந்த மஞ்சள் திரட்சி ஒன்றை நம்பியே குட்டி இருக்கிறது. கடும் காய்ச்சல், குடல் அழற்சி, பல நாள் பட்டினி ஆகியவை சேர்ந்தால் உடலில் உண்டாகும் சில பொருள்கள் அந்தத் திரட்சியைக் கரைத்துவிடுகின்றன. அது கரைந்தால் பிடிப்பு விட்டுப்போகிறது. குட்டி வெளியே வந்துவிடுகிறது. ஒற்றைக் கயிற்றில் தொங்கும் வாளியைப் போன்றது வெள்ளாட்டின் சினை. செம்மறியும் நோய் கடுமையானால் வீசத்தான் செய்யும். ஆனால் வெள்ளாட்டுக்காரர்தான் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

இன்னொரு சேதம் கண்ணுக்கே படுவதில்லை. கிடா சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நிலையில் கரு இறந்தால் வெளியே வந்து விழாது. கருப்பையிலேயே கரைந்துபோகும். ஆடு சில வாரங்கள் கழித்து மறுபடியும் கத்தத் தொடங்கும். வீட்டுக்காரர் 'சினை நிற்காத ஆடு' என்று முடிவு கட்டிச் சந்தைக்கு ஓட்டிவிடுவார். நல்ல பெட்டை ஆடு கறிக்கடைக்குப் போய்விடுகிறது. சளியும் கழிச்சலுமாக வந்துபோன நோய்க்கும் இந்த விற்பனைக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

குட்டி விழுந்தது கண்ணில் பட்டாலும் பழி வேறெங்கோ போகிறது. மேய்க்கப்போன பையன் கம்பால் அடித்திருப்பான் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் கண் என்பார்கள். வேலி தாண்டியது, கிடா முட்டியது, எதையோ தின்றது என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. முட்டுப்பட்டும் குட்டி விழும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஆடு வீசினால் முட்டு என்று நினைக்கலாம்; பத்து நாளில் மூன்று ஆடு வீசினால் அது நோய். பாவம், அந்தப் பையன் வாங்கிய அடி வாங்கியதுதான்.

நட்டக் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். எட்டுப் பெட்டை ஆடுகள் உள்ள ஒரு வீடு. அதில் ஐந்து சினை. நோய் வந்து, நல்ல வேளையாக ஒரு ஆடும் சாகவில்லை. ஆனால் ஐந்தும் நான்காம் மாதத்தில் வீசிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாட்டில் இரட்டைக்குட்டி சாதாரணம் என்பதால் ஆட்டுக்கு ஒன்றரைக் குட்டி என்று போட்டாலும் ஏழெட்டுக் குட்டிகள் போயின. நான்கு மாதம் அந்த ஆடுகள் தின்ற தீனி வீண். மறுபடி தேறிப் பருவத்திற்கு வந்து, கிடா சேர்ந்து, குட்டி போட இன்னும் ஆறேழு மாதங்கள். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கக்கூடிய ஆட்டில் ஒரு ஈற்று அப்படியே கழிந்துவிட்டது. காப்பீடு செய்திருந்தாலும் ஆடு செத்தால்தான் பணம். வயிற்றில் இருந்த குட்டிக்கு ஒரு காசும் வராது. அரசாங்கப் புள்ளி விவரத்திலும் செத்த ஆட்டுக்கு இடம் உண்டு, விழுந்த கருவுக்கு இல்லை. கணக்கில் ஏறாத நட்டத்தைத் தடுக்க யாரும் அவசரப்படுவதில்லை என்பது உலக வழக்கம்.

இப்போது ஊசிக்கு வருவோம். வீரியம் குறைத்த இந்த வைரஸ் தடுப்பூசியைச் சினை ஆடுகளுக்குப் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தினால் கரு கலைவதில்லை என்றே முடிவு. அப்படியிருக்க, ஊசி போட்ட மறுவாரம் குட்டி விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கண்டது உண்மை; காரணம்தான் வேறு.

முதலாவது, முகாம் நடந்த நேரம். பக்கத்து ஊரில் ஆடு சாகத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரில் ஊசிக்கு ஆள் தேடுகிறார்கள். அதற்குள் நோய்க்கிருமி சில ஆடுகளில் நுழைந்திருக்கும். அந்த ஆடு ஊசி போட்ட அன்று நன்றாகத்தான் நிற்கும். நான்காம் நாள் காய்ச்சல், பத்தாம் நாள் குட்டி விழும். ஊசியின் காப்பு வலுப்பெற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால் மருந்து அதைக் காப்பாற்ற முடிவதில்லை. பழி மட்டும் ஊசிக்கு.

இரண்டாவது, பிடிக்கும் முறை. நிறைசினை ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளி முழங்காலால் அமுக்கினால், ஊசி போடாவிட்டாலும் குட்டி விழும். உச்சி வெயிலில் ஐம்பது ஆட்டோடு அடைத்து வைத்தாலும் கெடுதல்தான். ஆட்டை நின்றபடியே கழுத்தையும் மார்பையும் அணைத்துப் பிடித்தால் போதும். ஒரு மில்லி மருந்து தோலுக்கடியில் போகிறது, அவ்வளவுதான். ஆடு வளர்க்கும் பெண்கள் இதை ஆண்களைவிட நன்றாகச் செய்வார்கள். ஆடும் அவர்களுக்கு அடங்கும். குட்டி போட இரண்டு மூன்று வாரமே இருக்கிற ஆட்டை மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் ஒதுக்கிவைக்கலாம். ஆனால் ஒதுக்கியதை எழுதிவைத்து, குட்டி போட்டபின் தவறாமல் போட்டுவிட வேண்டும். ஒதுக்கியது ஒதுக்கியபடியே போய்விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

மூன்றாவது, ஒரே ஊசி முனையால் பட்டி முழுவதும் குத்துவது. இதனால் வேறு நோய்கள் ஆட்டுக்கு ஆடு பரவ இடமுண்டு. முனையை மாற்றச் சொல்லிக் கேட்பது ஆட்டுக்காரரின் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்ளும் பணியாளரும் உண்டு, கேட்கத்தான் வேண்டும். அதுபோலவே மருந்து பனிக்கட்டியில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொடியைக் கரைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டிய மருந்து இது. வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றே. அதைப் போட்டுக்கொண்ட பட்டியில் நோய் வந்துவிட்டால், ஊசியின் மேல் ஊரே நம்பிக்கை இழந்துவிடுகிறது.

இதெல்லாம் போக, எந்த மந்தையிலும் நூற்றில் சில சினைகள் தாமாகவே தங்காமல் போகும். நூறு ஆடுகளுக்கு ஊசி போட்டால் அந்தச் சிலவும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரியான வழி கிடா சேர்ப்பதற்கு முன்பே ஊசி போட்டுவிடுவது. நம் வெள்ளாடுகள் ஆண்டு முழுவதும் சினைப்படுகின்றன. எந்த நாளில் முகாம் வைத்தாலும் சில ஆடுகள் சினையாகத்தான் இருக்கும். அதனால் வீட்டுக்காரரிடம் கணக்கு வேண்டும். பெட்டைக்குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் ஊசி. அது கிடாவைக் காண்பதற்கு முன்பே காப்பு வந்துவிடும். ஒருமுறை நல்ல மருந்தை முறையாகப் போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காப்பு நிற்கிறது. மேலும், ஊசி போட்ட தாயின் சீம்பாலைக் குடித்த குட்டிக்கும் முதல் மூன்று நான்கு மாதங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. சினை ஆட்டை மறைத்தவர் இந்தக் காப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

கால்நடைத் துறைக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் ஆடு எங்கே இருக்கும்? மேய்ச்சலில் இருக்கும். ஆறு மணிக்கு வந்தால் பட்டியிலேயே போட்டுவிடலாம். போட்ட ஆட்டின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவதுபோல, வராத சினை ஆட்டையும் விழுந்த குட்டியையும் எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டம் இருந்தால் நோய் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஆடு சாவதற்கு முன்பே தெரிந்துவிடும். உலகம் முழுவதும் இந்நோயை 2030க்குள் ஒழிப்பது என்று 2015இல் சர்வதேச நிறுவனங்கள் திட்டம் வகுத்தன. நடக்காத காரியமல்ல. இதன் பங்காளியான மாட்டு வெக்கை இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995இல். 2011இல் அது உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி வைரஸும் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். பிழைத்த ஆட்டின் உடம்பில் காலமெல்லாம் ஒளிந்திருப்பதும் இல்லை. அது உயிர்வாழ ஊசி போடாத ஆடு ஒன்று அடுத்தடுத்துக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் கட்டிய சினை ஆடு அதற்குக் கிடைக்கிறது.

நோயை ஊருக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் சந்தைதான். வாங்கி வந்த ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். இடமில்லை என்று சொல்பவர்கள் வேப்பமரத்தடியிலாவது கட்டலாம். அதற்கெனத் தனித் தண்ணீர்ச் சட்டி இருந்தால் பாதி ஆபத்து போயிற்று.

குட்டி விழுந்துவிட்டால் என்ன செய்வது? விழுந்த குட்டியையும் நஞ்சையும் நாய்க்கு எறிவது, வாய்க்காலில் வீசுவது, குப்பைமேட்டில் போடுவது ஆகியவை நடக்கின்றன. பசுவின் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. நல்ல கன்று போட்ட பசுவுக்கே அது சுகாதாரமல்ல, வீசிய மாட்டின் நஞ்சென்றால் கேட்கவே வேண்டாம். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டால், மாதிரி எடுத்து மாவட்டத்தில் உள்ள நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

மாதிரி எடுப்பது ஏன் அவசியம் என்றால், குட்டி வீச்சு எல்லாமே வைரஸால் வருவதல்ல. புருசெல்லா என்ற நுண்ணுயிரியும் ஆட்டில் வீச்சை உண்டாக்கும். ஆட்டுக்கொல்லி வைரஸ் மனிதனைத் தொடாது, புருசெல்லா தொடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் ஆளைப் படுக்கவைத்துவிடும். விழுந்த குட்டியைப் பார்த்து இது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் வெறுங்கையால் தொடாமல், கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டே அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. அவர் வயிற்றுக் கருவுக்கே கேடு செய்யக்கூடிய கிருமிகளும் இவற்றில் உண்டு. ஆட்டுக்கொட்டில் வேலை மருமகள் தலையில்தான் விழுகிறது என்பதால் இதை மாமியார்களுக்கும் மாமனார்களுக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செம்மறிக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் நீலநாக்கு நோயும், மாட்டுக்கு வரும் கோமாரியும், 2019இல் இந்தியாவில் நுழைந்த தோல்கழலை நோயும் இப்படியே சினையைக் கலைக்கக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பூசி உண்டு, தனிக் காலமும் உண்டு. நீலநாக்கு கடிக்கும் சிறு பூச்சிகளால் பரவுவது. அதற்கு மழைக்கு முன்பே ஊசி முடிந்திருக்க வேண்டும். ஆனால் சினை மாட்டையும் சினை ஆட்டையும் ஊசிக்காரர் கண்ணில் படாமல் மறைக்கும் பழக்கம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது.

கடைசியாக, குட்டியை வீசிய ஆட்டைப் பற்றி. பெரும்பாலோர் அதை ராசியில்லாத ஆடு என்று அடுத்த சந்தையிலேயே தள்ளிவிடுகிறார்கள். காய்ச்சலோடு ஓட்டிப்போனால் வழி நெடுக நோயை விதைத்துக்கொண்டு போகிறது. இது அடுத்த ஊர் ஆட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம். பரிசோதனையில் புருசெல்லா என்று வந்தால் அந்த ஆட்டை என்ன செய்வது என்பதை மருத்துவர் சொல்வார். ஆட்டுக்கொல்லி என்று வந்தால், அந்த ஆடு பிழைத்துக்கொண்டதும் ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் தேற்றி, பூச்சி மருந்து கொடுத்து, பசுந்தழையும் ஒரு பிடி தவிடும் கூட்டிப் போட்டுக் கிடா சேர்த்தால் அடுத்த ஈற்றில் குட்டி தங்கும்.